தமிழில் மிகுதியாக வாசிப்பவர் மின்னூல் வாசிப்புக் கருவி வாங்கலாமா?

அரக்கோணம் பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மின்னூல் வாசிப்பதற்கென்றே உள்ள கருவி ஒன்றை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாமல் இங்கே கேட்கிறேன். இணையக் கடைகளில் காணும் மதிப்புரைகள் ஆங்கில நூல்களை வாசிப்பவர்கள் எழுதியவையாகவே இருப்பதால், தமிழ் நூல்களைப் பெரும்பங்கு வாசிக்கும் எனக்கு அவை போதவில்லை.

அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் நாள்தோறும் வேலைக்குப் போய்வருகிறேன். உட்கார இடம் கிடைத்தால் போகவர மூன்று மணி நேரம் வாசிக்கலாம். வயது ஐம்பதை நெருங்குகிறது, வெள்ளெழுத்தும் வந்துவிட்டது. நான் வாசிப்பவை மூன்று வகை: தமிழ் நாவல்களும் சிறுகதைகளும், ஆங்கிலத்தில் இந்திய வரலாற்று நூல்கள், பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்காக, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வருடி (ஸ்கேன் செய்து) வைக்கப்பட்டிருக்கும் பழைய பதிப்புகளும் இதழ்களும். வீடு வாடகை வீடு என்பதால் இனி ஒரு புத்தக அடுக்குக்கு இடமில்லை.

நான் பார்த்து வைத்திருப்பது அமேசான் நிறுவனத்தின் 7 அங்குல கிண்டில் பேப்பர்ஒயிட். 2025 ஏப்ரலில் இந்தியாவில் அறிமுகமானபோது அதன் விலை 16,999 ரூபாய். அதே பணத்துக்குச் சென்னைப் புத்தகக் காட்சியில், முகவிலை 300 ரூபாய் உள்ள நூல்களைப் பத்து விழுக்காடு கழிவுடன் அறுபதுக்கும் மேல் வாங்கிவிடலாம் என்று மனம் கணக்குப் போடுகிறது. தமிழை மிகுதியாக வாசிப்பவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மெய்யெழுத்து எழுதியது:

ஐயா, கைபேசி இருக்கும்போது இன்னொரு கருவி எதற்கு என்ற கேள்விக்கான விடை திரையில்தான் இருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கைபேசித் திரை ஒளியை நம்மை நோக்கி வீசுகிறது. கிண்டில் போன்ற வாசிப்புக் கருவிகளில் இருப்பது இ-இங்க் எனப்படும் மின்மைத் திரை. அதில் தலைமுடியின் தடிமனே உள்ள நுண்குமிழ்கள் பரவியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தெளிந்த திரவத்துக்குள் நேர்மின்னேற்றம் கொண்ட வெண்துகள்களும் எதிர்மின்னேற்றம் கொண்ட கருந்துகள்களும் மிதக்கின்றன. அடியிலுள்ள மின்புலம் திசை மாறும்போது இரண்டில் ஒரு வகை மேலெழுந்து நிற்கிறது, நின்றபின் அங்கேயே இருப்பதற்கு அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஜன்னலோர வெயிலில் கைபேசித் திரை மங்கிப்போகும் அதே இடத்தில் இந்தத் திரை இன்னும் தெளிவாகத் தெரிவதற்குக் காரணம், அச்சுத்தாளைப் போலவே இதுவும் மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதுதான். இருட்டில் வாசிப்பதற்காகத் திரையின் ஓரத்தில் சிறு விளக்குகள் உண்டு. அவற்றின் ஒளியும் பின்னாலிருந்து கண்ணுக்கு வராமல் மேற்பரப்பில்தான் பரவும்.

மின்கலத்தைப் பற்றிய விளம்பரத்தை மட்டும் கவனித்துப் படியுங்கள். "பன்னிரண்டு வாரம் நீடிக்கும்" என்று சொல்லும்போது, நாளுக்கு அரை மணி நேர வாசிப்பையும் கம்பியில்லா இணைப்பு அணைக்கப்பட்டிருப்பதையும் வைத்தே கணக்கிடுகிறார்கள். அதாவது மொத்தம் 42 மணி நேரம். மூன்று மணி நேரம் வாசிக்கும் உங்களுக்கு அது இரண்டு வாரம். அதுவும் குறைவில்லை, ஆனால் பன்னிரண்டு வாரம் இல்லை.

கிண்டில் 2007இல் அமெரிக்காவிலும் 2012இல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது என்றாலும், தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் மின்னூல் விற்பனையை அமேசான் இங்கே தொடங்கியது 2016 டிசம்பரில்தான். அதற்கு முந்தைய பழைய கருவி ஒன்றை யாரேனும் மலிவாகத் தருவதாகச் சொன்னால், ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். எழுத்துகளை இணைத்துக் காட்டும் நிரல் இல்லாத கருவிகளில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்யெழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். இப்போதைய கருவிகளில் அந்தத் தொல்லை இல்லை.

நீங்கள் சொன்ன முதல் இரண்டு வகைக்கும் வாங்கலாம் என்பதே என் கருத்து. மூன்றாவதைப் பற்றி அச்சுத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் சொல்லட்டும்.

டெம்மி அளவு எழுதியது:

புத்தகப் பக்க வடிவமைப்பு என் பிழைப்பு என்பதால் அந்த மூன்றாவது வகையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கருவி பயன்படுமா என்பதை முடிவு செய்யப்போவது நிறுவனமோ விலையோ அல்ல, உங்கள் கோப்புகள் எந்த வடிவத்தில் இருக்கின்றன என்பதே.

மின்னூல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் முற்றிலும் வேறான இரண்டு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று இபப் (EPUB) போன்ற வடிவத்தில் உள்ள ஒருங்குறி (யூனிகோட்) உரை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடிந்து புதிய பக்கங்களாகும். மற்றொன்று பிடிஎஃப். அதில் பக்கம் என்பது ஒரு படம்போல உறைந்து நிற்கும். எழுத்தைப் பெரிதாக்குவது என்பது அங்கே பக்கத்தையே பெரிதாக்கி, அதை இடமும் வலமும் இழுத்து இழுத்து வாசிப்பது.

அளவைச் சொல்கிறேன். நம் நாவல்கள் பெரும்பாலும் டெம்மி எட்டில் ஒன்று அளவில், ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் அகலமும் 21.5 சென்டிமீட்டர் உயரமுமாக அச்சாகின்றன. 7 அங்குலத் திரை சுமார் 10.7 சென்டிமீட்டர் அகலமும் 14.2 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. முழுப் பக்கத்தையும் அதற்குள் அடக்கினால் உயரத்துக்கு ஏற்பப் பக்கம் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கி, அச்சில் 11 புள்ளியாக இருந்த எழுத்து ஏழு புள்ளிக்கு வந்துவிடும். வெள்ளெழுத்து உள்ளவர் அதை வாசிக்க முடியாது. ஓரங்களை வெட்டிவிட்டு, கருவியைக் கிடைமட்டமாகப் பிடித்து, ஒரு பக்கத்தை இரண்டு மூன்று திரைகளாக வாசித்தால் எழுத்து அச்சைவிடப் பெரிதாகவே தெரியும். நாவலுக்கு அது சரிப்படும். இரண்டு பத்திகளாக அச்சான பழைய இதழுக்கும், மூலம் மேலே, உரை நடுவில், அடிக்குறிப்பு கீழே என்று அடுக்கப்பட்ட பதிப்புகளுக்கும் சரிப்படாது. உரையை வாசித்துவிட்டு மூலத்துக்குத் திரும்புவதற்குள் திரை மெதுவாகப் புதுப்பிக்கப்படும், முந்தைய பக்கத்தின் நிழலும் லேசாகத் தங்கும். வருடிய தாள் பழுத்துப் போயிருந்தால் அந்தப் பழுப்பு முழுவதும் திரையில் சாம்பல் படலமாக வந்து எழுத்தை விழுங்கும்.

"பிடிஎஃப் கோப்பை காலிபரில் போட்டு இபப் ஆக்கிக்கொள்ளலாமே" என்று யாரேனும் சொல்வார்கள். காலிபர் என்பது மின்னூல்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கணினி மென்பொருள். ஆங்கில நூலுக்கு ஓரளவு நடக்கும். தமிழில் பழைய பதிப்பகக் கோப்புகள் பல ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ரோமன் எழுத்துகளும் குறிகளும்தான் என்பதால், மாற்றியவுடன் பக்கம் முழுக்கப் பொருளற்ற குறிகள் கொட்டும். வருடிய கோப்பில் உரையே கிடையாது, படம் மட்டும்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் மொழியில் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்பவை. சிறிய திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு மூன்று நான்கு சொற்களே நிற்கும். இரு ஓரமும் சீராக்கும் அமைப்பு இயங்கினால் சொற்களுக்கிடையே பள்ளம் பள்ளமாக வெளி விழும். இடப்பக்கம் மட்டும் சீராக வைக்கும் தேர்வு அமைப்புகளில் உண்டு. வாங்குகிறவர்கள் முதல் வேலையாக அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

கன்னிமாரா வாசகி எழுதியது:

திரையும் அளவும் பேசியாகிவிட்டன. நான் உடைமையைப் பற்றிப் பேச வேண்டும்.

17,000 ரூபாய்க்கு நீங்கள் வாங்குவது கடையொன்றின் வாசல் கதவை. அதன்பின் ஒவ்வொரு நூலுக்கும் தனியாகப் பணம் கட்டுகிறீர்கள், கட்டியபின்பும் அந்த நூல் உங்களுடையது ஆவதில்லை. வாசிக்கும் உரிமம் மட்டுமே உங்களுக்குக் கிடைக்கிறது. 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒருவர் விற்பனைக்கு ஏற்றிய ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை அமேசான் வாசகர்களின் கருவிகளிலிருந்தே தொலைவிலிருந்து நீக்கியது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள் என்றாலும் நூல் போய்விட்டது. மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019இல் மூடியபோதும் அப்படியே பணம் திரும்பி வந்தது, நூல்கள் மறைந்தன. சீனாவில் கிண்டில் கடை 2023 ஜூனுடன் மூடப்பட்டது. வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் 2025 பிப்ரவரி 26இல் எடுத்துவிட்டார்கள். ஒரு தமிழ் வாசகருக்கு இதில் கூடுதல் கவலை உண்டு: இவ்வளவு பெரிய கடையில் தமிழ் மிகச் சிறிய மூலை, அந்த மூலையைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு எதுவும் இல்லை.

அச்சு நூலுக்கு நம் நாட்டில் சரக்கு சேவை வரி கிடையாது. அச்சுப் பதிப்பும் உள்ள மின்னூலுக்கு 2018 ஜூலையில் வரியை 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். மின்னூலாக மட்டுமே வெளிவரும் நூலுக்கு அந்தச் சலுகை இல்லை. படித்த புத்தகத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுக்கவும், பழைய புத்தகக் கடையில் போடவும், ஊர் நூலகத்துக்குத் தரவும் முடியும் என்பதை எந்தக் கருவியாலும் ஈடு செய்ய முடியாது. இடமில்லை என்கிறீர்கள், எழும்பூரில் கன்னிமாராவும் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. நீங்கள் தினமும் வந்துபோகும் ஊர்தானே?

மெய்யெழுத்து எழுதியது:

அம்மா சொன்னவை அனைத்தும் உண்மை, ஆனால் அவை ஒரு கடையின் மீதான குற்றச்சாட்டுகள். கருவி வேறு, கடை வேறு. கடையில் ஒரு ரூபாயும் செலவழிக்காமல் ஆண்டுக்கணக்கில் கிண்டிலில் தமிழ் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை நூல்களை இலவசமாகத் தருகிறது. ஐந்து பாகப் 'பொன்னியின் செல்வன்' முழுவதும் அங்கே உண்டு. அச்சில் அதைத் தூக்கிக்கொண்டு ரயிலில் நிற்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வெளியாகும் நூல்களை இபப் வடிவத்தோடு, சிறிய திரைக்கென்றே அளவெடுத்த 6 அங்குலப் பிடிஎஃப் ஆகவும் தருகிறார்கள். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைத் தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்த்து உரையாக்கி வைத்திருக்கிறார்கள். எந்த நூலையும் அங்கிருந்தே இபப் ஆக இறக்கலாம். நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்தால் படைப்பு பொதுவுடைமை ஆகிறது என்பதால் இந்தச் சேமிப்பு ஆண்டுதோறும் வளரும். இப்படி இறக்கிய கோப்புகள் உங்கள் கணினியில் இருக்கும்வரை யாரும் நீக்க முடியாது. கம்பி வழியாகவோ மின்னஞ்சல் வழியாகவோ கருவிக்குள் போட்டுக்கொள்ளலாம், 2022 முதல் மின்னஞ்சலில் இபப் கோப்பையே அனுப்பலாம்.

கன்னிமாரா வாசகி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நீங்கள் சொன்ன பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் மறைந்தவர்களின் நூல்கள். இன்று எழுதுகிறவர்களை வாசிக்க வேண்டுமென்றால் கடைக்குத்தான் போக வேண்டும். இலக்கியப் பதிப்பகங்களின் புதிய நூல்கள் புத்தகக் காட்சியில் வருகிற வேகத்தில் மின்னூலாக வருவதில்லை, சில ஆசிரியர்கள் மின்னூலே வேண்டாம் என்று இருக்கிறார்கள்.

கண்ணாடிக்கடை எழுதியது:

கண் பரிசோதனை என் தொழில். வாசிப்புக் கருவி கண்ணைக் காப்பாற்றும் என்று விற்பவர்களும், எல்லாத் திரையும் கண்ணைக் கெடுக்கும் என்று பயமுறுத்துகிறவர்களும் ஒரே அளவுக்கு மிகைப்படுத்துகிறார்கள். திரையின் நீல ஒளி விழித்திரையைக் கெடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் தெளிவாகவே கூறியிருக்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது இமைப்பது குறைகிறது, கண் உலர்கிறது, அதுதான் எரிச்சல். தாளில் மணிக்கணக்காக வாசித்தாலும் களைப்பு வரும்.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு 2014இல் அமெரிக்காவில் வெளியானது. இரவில் திரையில் வாசித்தவர்களுக்கு அச்சு நூல் வாசித்தவர்களைவிடத் தூக்கம் தாமதமாக வந்தது என்று அது கண்டது. அதில் பயன்பட்டது ஐபேட். பங்கேற்றவர்கள் பன்னிரண்டு பேர். அதைக் காட்டி இ-இங்க் கருவியைக் குறை சொல்வது பொருந்தாது. வாசித்ததை நினைவில் வைப்பதைப் பற்றி 2019இல் வெளியான ஒரு ஆய்வு இதைவிடப் பொருத்தமானது: 28 பக்கக் கதை ஒன்றை ஐம்பது பேரில் பாதிப்பேர் கிண்டிலிலும் பாதிப்பேர் அச்சிலும் வாசித்தார்கள். பெரும்பாலான கேள்விகளில் இரு சாராரும் ஒன்றுபோலவே விடையளித்தார்கள். நிகழ்ச்சிகளை நடந்த வரிசையில் அடுக்கச் சொன்னபோது மட்டும் அச்சில் வாசித்தவர்கள் முந்தினார்கள். நாவலுக்கு அது பெரிய இழப்பில்லை. ஆய்வேட்டுக்காக வாசிப்பவர் கொஞ்சம் கவனிக்கலாம்.

வெள்ளெழுத்துக்கு நான் கருவியைப் பரிந்துரைப்பது ஒரே காரணத்துக்காக. கண்ணாடி மாற்ற வேண்டிய நாள் தள்ளிப்போனாலும் எழுத்தின் அளவை ஒரு படி கூட்டிக்கொள்ளலாம். தமிழில் பெரிய எழுத்துப் பதிப்பு என்பது பக்தி நூல்களையும் சிறுவர் நூல்களையும் தாண்டி அரிதாகவே கிடைக்கிறது.

தேக்காவாசி எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே என் கையில் இருப்பது கோபோ, கிண்டிலைப் போன்ற இன்னொரு நிறுவனத்தின் வாசிப்புக் கருவி. நூலகத்திலிருந்து மின்னூல் இரவல் வாங்கும் ஓவர்டிரைவ் வசதி கருவிக்குள்ளேயே இருப்பதால் தேசிய நூலக வாரியத்தின் உறுப்பினர் கணக்கை அதில் இணைத்துக்கொண்டேன், ஆங்கில நூல்களுக்குச் செலவே இல்லாமல் போயிற்று. கிண்டிலில் அப்படி நூலக இரவல் பெறுவது அமெரிக்காவில் மட்டுமே முடியும். இந்தியாவில் இந்தச் சாதகம் அவ்வளவாகப் பொருந்தாது என்பதால் கோபோவை வாங்குங்கள் என்று ஐயாவிடம் நான் சொல்லமாட்டேன். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பழுதானால் எங்கே கொடுப்பீர்கள்?

ஆனால் டெம்மி அளவு சொன்ன வருடிய கோப்புகளுக்கு ஒரு வழி உண்டு. கேஓரீடர் என்ற கட்டற்ற மென்பொருளைக் கோபோவில் எளிதாக நிறுவலாம். வருடிய பக்கத்தின் ஓரங்களை அது தானாக வெட்டும், படத்திலிருக்கும் வரிகளைச் சொல் சொல்லாக நறுக்கித் திரை அகலத்துக்கு மறுபடி அடுக்கவும் செய்யும், எழுத்தின் கருமையையும் கூட்டும். ஒற்றைப் பத்தியில் அச்சான பழைய சிறுகதைத் தொகுதிகளை அப்படி வாசித்திருக்கிறேன். செய்யுளை வரிக்கு வரி மடித்துச் சிதைத்துவிடும் என்பதால் அதற்கு ஆகாது. கிண்டிலில் இதை நிறுவ, கருவியின் மென்பொருளில் போட்டிருக்கும் பூட்டை உடைக்க வேண்டும், அதைத் தொழில்நுட்பத்தில் ஆர்வமுள்ளவர்களே செய்ய வேண்டும்.

நல்லூரான் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இந்த விவாதம் சற்று வேறு மாதிரி. எங்கள் வாசிப்பில் பெரும்பகுதி நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் இருக்கிறது. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் வருடிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள், அச்சில் தேடினாலும் கிடைக்காதவை பல. அவையெல்லாம் பிடிஎஃப். கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் 6 அங்குலக் கருவி ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். நாவல்களுக்கு அருமையாக இருந்தது, இதழ்களுக்கு உதவவே இல்லை. பழைய பலகைக் கணினி ஒன்றில் 10 அங்குலத் திரையில் அவற்றை வாசிக்கிறேன். கண் களைக்கிறதுதான், ஆனாலும் முழுப் பக்கமும் ஒருசேரத் தெரிகிறது.

10 அங்குல இ-இங்க் கருவிகளும் உண்டு என்பது தெரியும். அவற்றின் விலையில் இங்கே ஒரு மடிக்கணினி வாங்கலாம்.

அரக்கோணம் பயணி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. டெம்மி அளவு சொன்னதை வைத்து, அடுத்த ஓராண்டில் வாசிக்க வேண்டுமென்று குறித்து வைத்திருக்கும் நூல்களை ஒவ்வொன்றாகத் தேடி, எது எந்த வடிவத்தில் கிடைக்கிறது என்று எழுதிப் பார்த்தேன். ஆங்கில வரலாற்று நூல்களில் ஏறக்குறைய எல்லாமே மின்னூலாக இருக்கின்றன, பலவற்றின் விலை அச்சு நூலைவிடக் குறைவு. தமிழ் நாவல்களில் பழையவை இலவசமாகவும் வெகுசன எழுத்தாளர்களின் நூல்கள் மின்னூல் கடையின் மாதச் சந்தாவிலும் கிடைக்கின்றன. சமகால இலக்கிய நாவல்களில் பாதிக்கு மேல் அச்சில் மட்டும்தான், கன்னிமாரா வாசகி சொன்னது அங்கே அப்படியே பொருந்துகிறது. ஆய்வுக்குத் தேவையானவை முழுவதும் வருடிய கோப்புகள்.

இன்னும் இரண்டு ஐயங்கள். ரயில் நெரிசலில் திரை உடைந்துவிடுமா? ஆங்கில நூலில் சொல்லைத் தொட்டால் பொருள் வருவதைப்போல் தமிழிலும் வருமா?

மெய்யெழுத்து எழுதியது:

முதல் கேள்விக்கு: உடையக்கூடும். பெரும்பாலான கருவிகளில் இ-இங்க் படலத்துக்கு அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. கீழே விழுந்து உடைவதைவிட, பையில் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கும் தண்ணீர்ப் புட்டிக்கும் நடுவே அழுந்தி உடைவதே அதிகம். என் முதல் கருவி அப்படித்தான் போயிற்று, மேற்பரப்பில் ஒரு கீறலும் இல்லை, உள்ளே பாதித் திரை உறைந்து நின்றுவிட்டது. திரையை மாற்றுவதற்குக் கேட்ட தொகையில் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதியதே வாங்கிவிடலாம் என்பதால் பழுது பார்க்கவில்லை. கெட்டியான அட்டை உறையின் விலையையும் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

இரண்டாவதற்கு: எதிர்பார்க்காதீர்கள். கருவியோடு தமிழ் அகராதி வருவதில்லை. யாரேனும் செய்து ஏற்றினாலும், 'வந்துகொண்டிருந்தவனுக்கு' என்ற சொல்லைத் தொட்டால் 'வா' என்ற வேருக்குப் போகத் தெரிந்திருக்க வேண்டும். பழைய உரைகளை வாசிக்கும்போது அகராதி பக்கத்தில் இருக்கட்டும்.

பொறுமைசாலி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு, வார இதழ்த் தொடர்கதைகளிலேயே வளர்ந்தவர், இப்போது அச்சு எழுத்து தெரியவில்லை என்று வாசிப்பதையே நிறுத்திவிட்டார். கைபேசியில் காட்டினால் விரல் பட்டு வேறு எங்கோ போய்விடுகிறது. அவருக்கு இந்தக் கருவி சரிப்படுமா?

டெம்மி அளவு எழுதியது:

இந்த இழையில் இதுவரை கேட்டவர்களில் உங்கள் அம்மாவுக்குத்தான் நான் தயங்காமல் வாங்குங்கள் என்று சொல்வேன். அவர் விரும்பும் எழுத்தாளர்களில் பலரைப் புஸ்தகா போன்ற மின்பதிப்பகங்கள் வெளியிட்டிருக்கின்றன, மாதச் சந்தாவிலும் அவர்கள் ஏராளமாகக் கிடைக்கிறார்கள். எடை 200 கிராம் அளவுதான், ஒரு கையில் பிடிக்கலாம். விலை குறைந்த 6 அங்குலக் கருவியும் போதும், ஆனால் பெரிய எழுத்தில் வைத்தால் பக்கத்துக்கு நாற்பது ஐம்பது சொற்களே நிற்கும் என்பதால் 7 அங்குலம் அவருக்கு வசதியாக இருக்கும். உங்கள் கணக்கிலேயே பதிவு செய்து, நூல்களை நீங்கள் வாங்கி அனுப்புங்கள். அவர் செய்ய வேண்டியது திரையின் வலப்பக்கம் தொடுவது மட்டும்தான் என்ற நிலையில் கொடுங்கள். நூல்கள் இறங்கியபின், கடைப் பக்கம் தெரியாதபடி கம்பியில்லா இணைப்பை அணைத்து வைத்துவிட்டால் வழி தவறுவது குறையும். முதலில் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். புரை வளர்ந்திருந்தால் எழுத்தைப் பெரிதாக்குவது தீர்வாகாது.

கண்ணாடிக்கடை எழுதியது:

கடைசி வரியை நான் சொல்ல நினைத்தேன், நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அரக்கோணம் பயணி எழுதியது:

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கருவி வாங்குகிறேன், ஆனால் ஆய்வுக்காக அல்ல. 7 அங்குல பேப்பர்ஒயிட்டில் ரயிலில் ஆங்கில வரலாறும் பழைய தமிழ் நாவல்களும் வாசிப்பதென்றும், சமகால இலக்கியத்தை வழக்கம்போலப் புத்தகக் காட்சியில் அச்சிலேயே வாங்குவதென்றும், வருடிய கோப்புகளை வீட்டிலிருக்கும் மடிக்கணினியிலேயே வைத்துக்கொள்வதென்றும் பிரித்துக்கொண்டேன். இந்தப் பிரிவினையில் தமிழுக்குக் கிடைப்பது கருவியின் பாதிப் பயன்தான், ஆங்கிலம் இல்லையென்றால் நான் வாங்கியிருக்க மாட்டேன். தமிழ் மட்டும் வாசிக்கிற, அதிலும் புதிய இலக்கியம் மட்டும் வாசிக்கிற ஒருவருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றே நானும் சொல்வேன். ஒருமுறை வாசித்துவிட்டு மறந்துவிடக்கூடியவற்றை மட்டும் மின்னூல் கடையில் வாங்கி, திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியவற்றை அச்சில் வைத்துக்கொண்டால் கன்னிமாரா வாசகியின் கவலைக்கும் ஓரளவு விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

டெம்மி அளவிடம் ஒரு கடைசி உதவி: மதுரைத் திட்டத்து நூல்களுக்கு எழுத்துரு கொஞ்சம் தடிமனாக இருந்தால் நன்றாக இருக்கும். அதை எப்படிச் செய்வது?

டெம்மி அளவு எழுதியது:

காலிபரில் நூலைத் திறந்து, மாற்றும் சாளரத்தில் எழுத்துருவை உட்பொதிக்கும் இடத்தில் நோட்டோ செரிஃப் தமிழைத் தேர்ந்தெடுங்கள், அது இலவசம். சற்று மெலிதாகத் தோன்றினால் அதிலேயே நடுத்தரத் தடிமன் இருக்கிறது. வரி இடைவெளியையும் கூட்டி வையுங்கள், நம் எழுத்துகளுக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால் ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளி நெருக்கமாகத் தெரியும். முதலில் ஒரே ஒரு நூலை இப்படி மாற்றிக் கருவியில் பாருங்கள். பிடித்திருந்தால் மற்றவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே முறையில் மாற்றிவிடலாம்.